நிறை குறைப்புச் சத்திரசிகிச்சையும் தேகாப்பியாசமும்

உடற்பருமனைக் குறைப்பதற்காகச் சத்திரசிகிச்சை செய்துகொள்ள நாடுவோர் வைத்தியரிடம் முதலிற் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "எவ்வளவு நிறை குறையும்?" வினா எளியது, விடை அத்துணை எளியதன்று. வைத்தியர் பலருடைய அனுபவத்திலிருந்து பெற்ற ஒரு சராசரிக் கணக்கைக் கூறுகின்றார். கேட்பவர் மனத்திலோ, இளமையில் எடுத்த நிழற்படத்திலுள்ள தம் மெல்லிய உருவம் தோன்றுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் முன்னரே அளந்து அறியப்படாவிடின், ஓராண்டோ ஈராண்டோ கழிந்தபின் அது ஏமாற்றமாக வந்து நிற்கும். அவ்வேமாற்றம் மனவருத்தத்தோடு நின்றுவிடுவதுமில்லை. தேகாப்பியாசம் கைவிடப்படுகின்றது, வைத்தியசாலைக்குச் செல்லும் வழக்கம் அறுந்துபோகின்றது, சிகிச்சையினால் வந்த நன்மையும் சிறிது சிறிதாகக் கைநழுவுகின்றது. ஆகவே, இச்சத்திரசிகிச்சையினால் எதனை எதிர்பார்க்கலாம், அதன்பின் செய்யும் தேகாப்பியாசம் உண்மையில் எதற்குப் பயன்படுகின்றது என்பவற்றைத் தெளிவுற அறிதல் நோயாளருக்கும் அவர்தம் வீட்டாருக்கும் இன்றியமையாததாகும்.

இச்சிகிச்சை நேற்றுத் தோன்றியதொன்றன்று. 1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சத்திரவைத்தியர்கள், உணவு சிறுகுடலின் பெரும்பகுதியைத் தொடாமற் கடந்து செல்லும்படி குடலை மாற்றி இணைக்கும் முறையொன்றை அறிவித்தனர். அம்முறையால் நிறை பெரிதும் குறைந்தது. ஆயின், ஈரல் பழுதடைதல், சிறுநீரகக் கல், ஓயாத வயிற்றோட்டம் ஆகிய உபாதைகள் பலரைத் தாக்கியமையால், பின்னாளில் அம்முறை கைவிடப்பட்டது. அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் மேசன் என்னும் சத்திரவைத்தியர் 1966 ஆம் ஆண்டில் வேறொரு வழியைக் கண்டார். இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றப்பெற்ற பெண்கள் பின்னர் மெலிந்தே இருந்தமையை அவர் கவனித்திருந்தார். அதனைக் கொண்டு, இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கி, அதனை நேரே சிறுகுடலோடு இணைக்கும் முறையை அவர் வகுத்தார். இன்று 'பைபாஸ்' என வழங்கும் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை அதன் வழிவந்ததே.

இக்காலத்தில் இரு முறைகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று மேற்கூறிய மாற்றுவழிச் சிகிச்சை. இதில் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளத்தக்க சிறு பையே உணவை ஏற்கும் இரைப்பையாக எஞ்சுகின்றது. மற்றது இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தில் ஏறக்குறைய முக்காற் பங்கை வெட்டி அகற்றி, எஞ்சியதை ஒரு வாழைப்பழம்போன்ற நீண்ட குழாயாக விட்டுவைக்கும் முறை. உலகில் இன்று மிகுதியாகச் செய்யப்படுவது இந்த இரண்டாவது முறையே. இரண்டும் பெரும்பாலும் வயிற்றிற் சிறு துளைகளிட்டு, அவற்றின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யப்படுகின்றன.

இரைப்பை சிறிதாகிவிடுவதால் உணவு குறைகின்றது, உணவு குறைவதால் நிறை குறைகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். இஃது உண்மையின் ஒரு பாதியே. பசியும் நிறைவும் வயிற்றின் கொள்ளளவை மட்டும் பொறுத்தனவல்ல. இரைப்பையும் குடலும் சுரந்து மூளைக்கு அனுப்பும் ஓமோன்களையும் பொறுத்தவை. குழாய்வடிவ முறையில், பசியைத் தூண்டும் ஓமோன் சுரக்கும் பகுதி பெரும்பாலும் அகற்றப்படுகின்றது. உணவு குடலின் கீழ்ப்பகுதியை விரைவிற் சென்றடைவதால், நிறைவுணர்ச்சியைத் தரும் ஓமோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. நீரிழிவு நோயாளர் சிலருக்கு, நிறை கணிசமாகக் குறையுமுன்னரே குருதியிலுள்ள வெல்லத்தின் அளவு இறங்கிவிடுவதும் இதனோடு தொடர்புடையதே. சுருங்கக் கூறின், இச்சத்திரசிகிச்சை உடலானது தனக்கென வைத்துக் காத்துவரும் நிறையின் அளவைக் கீழிறக்கி வைக்கின்றது. எவ்வளவு கீழே என்பது ஆளுக்காள் வேறுபடும். உள்ளத்தின் உறுதி ஒன்றினால் மட்டும் அதனைத் தீர்மானித்துவிட முடியாது.

இனி, கணக்கைப் பார்ப்போம். கிலோகிராமிற் கண்ட நிறையை, மீற்றரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது உடற்றிணிவுச் சுட்டி. ஒருவர் 165 சென்ரிமீற்றர் உயரமும் 120 கிலோகிராம் நிறையும் உடையவரெனக் கொள்வோம். அவருடைய சுட்டி 44 ஆகும். சுட்டி 25 ஆக இருப்பதற்கு அவர் 68 கிலோகிராம் நிறையுடையவராதல் வேண்டும். ஆகவே, அவரிடமுள்ள மிகை நிறை 52 கிலோகிராம். சத்திரவைத்தியர்கள் நெடுங்காலமாக இந்த மிகை நிறையில் எத்தனை பங்கு குறைந்தது என்றே பேசிவந்துள்ளனர். "மிகை நிறையில் நூற்றுக்கு 60 குறையும்" என்று வைத்தியர் கூறினால் அதன் பொருள் ஏறக்குறைய 31 கிலோகிராம். "நிறையில் நூற்றுக்கு 60" எனக் காதில் விழுந்தால் அது 72 கிலோகிராம் ஆகிவிடும்! ஒரு சொல் விடுபட்டதனால் விளையும் வேறுபாடு 41 கிலோகிராம். ஆதலால், எந்த எண்ணைக் கேட்டாலும் அஃது எதனுடைய பங்கு என்று மீண்டும் கேட்டறிதல் நன்று.

சிகிச்சை செவ்வனே நடந்து, முழு நிறையில் நூற்றுக்கு 25 முதல் 30 வரை குறைந்ததாக வைத்துக்கொள்வோம். மேற்கூறியவர் 84 முதல் 90 கிலோகிராமில் வந்து நிற்பார். அவருடைய சுட்டி 31 முதல் 33 வரை இருக்கும். 30 இற்கு மேற்பட்டதைப் பருமன் என்றே வைத்திய அட்டவணை குறிக்கின்றது. அதாவது, வைத்தியர் மனநிறைவோடு வெற்றியென்று எழுதிவைக்கும் ஒருவர், அட்டவணையின்படி இன்னும் பருத்தவரே. இதனை முன்கூட்டி அறியாதவர் தம்மைத் தோற்றவராகக் கருதுவதில் வியப்பில்லை.

நிறை குறையும் போக்கிலும் ஓர் ஒழுங்குண்டு. இதனை மிக நீண்டகாலம் ஆராய்ந்தவர்கள் சுவீடன் நாட்டினர். 1987 ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வாய்வில் சத்திரசிகிச்சை பெற்றோர் 2,010 பேரும், அவர்களை ஒத்த நிலையிலிருந்து வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோர் 2,037 பேரும் சேர்க்கப்பட்டனர். இரண்டாம் குழுவினரின் சராசரி நிறை ஆண்டுகள் பல சென்றும் பெரிதும் மாறவில்லை. சத்திரசிகிச்சை பெற்றோரிடம் மாற்றுவழி முறையினருக்கு ஓரிரண்டு ஆண்டுகளுள் சராசரியாக நூற்றுக்கு 32 குறைந்தது. அதன்பின் சிறிது மீண்டு, பத்தாம் ஆண்டிற் குறைவு நூற்றுக்கு 25 ஆக நின்றது. அக்காலத்தில் வழங்கிய மற்றை முறைகளையும் சேர்த்துப் பார்க்கின், ஈராண்டு முடிவில் நூற்றுக்கு 23 ஆக இருந்த சராசரிக் குறைவு, பத்தாண்டு முடிவில் 16 ஆயிற்று. ஆகவே முதல் ஆறு மாதங்களில் விரைந்த இறக்கம், அடுத்த ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் மெதுவான இறக்கம், பின்னர் ஒரு நிலை, அதன்பின் ஓரளவு ஏற்றம் என்பதே இயல்பான போக்காகும். சிறிது நிறை மீண்டு வருதல் ஒழுக்கக்கேட்டின் அடையாளமன்று, பெரும்பாலார்க்கு நேர்வதே.

இனி, எதிர்பார்ப்பின் பக்கத்தை நோக்குவோம். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் இச்சிகிச்சைக்குக் காத்திருந்தோரிடம் நிகழ்த்தி 2013 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், அவர்கள் தம் நிறையில் நூற்றுக்கு 38 குறையுமெனச் சராசரியாக எதிர்பார்த்தமை தெரியவந்தது. நூற்றுக்கு 26 ஆவது குறையாவிடின் ஏமாற்றமடைவோம் என்பதே அவர்களுடைய கருத்து. 120 கிலோகிராம் உடையவர்க்கு 38 என்பது 74 கிலோகிராமுக்கு இறங்குவதாகும். 26 என்பது 89 கிலோகிராமுக்கு இறங்குவதாகும். சுவீடனில் பத்தாம் ஆண்டிற் கண்ட 16 என்னும் சராசரியோ அவரை 101 கிலோகிராமில் நிறுத்தும். 101 கிலோகிராம் என்று தராசு காட்டும்போது, "இத்தனை துன்பமும் இதற்காகவா?" என்று அவர் கேட்கக்கூடும்.

அவ்வினாவிற்கு விடையும் அந்த ஆய்விலேயே உண்டு. ஏறக்குறைய பதினொரு ஆண்டுகள் சராசரியாகக் கவனித்தபின் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, வழக்கமான சிகிச்சை பெற்ற 2,037 பேரில் 129 பேர் இறந்திருந்தனர். சத்திரசிகிச்சை பெற்ற 2,010 பேரில் இறந்தோர் 101 பேர். வயது முதலியவற்றின் வேறுபாடுகளைச் சரிசெய்து கணித்தபோது, மரண அபாயம் ஏறக்குறைய நூற்றுக்கு 29 குறைந்திருந்தமை தெரிந்தது. இந்நன்மையைப் பெற்றவர்கள் கனவிற் கண்ட நிறையை எய்தியவர்களல்லர். பொஸ்ரன் மக்கள் ஏமாற்றமென்று வகுத்த எல்லைக்கும் இப்பாலே நின்றவர்கள் அவர்களுட் பலர். உயிரைக் காப்பதற்குப் போதுமான அளவு வேறு. உள்ளம் விரும்பும் அளவு வேறு. இக்காலத்து முறைகள் சுவீடனில் அன்று பெரும்பாலும் வழங்கிய முறைகளிலும் மிகுதியாக நிறையைக் குறைக்கின்றன என்பது உண்மை. எனினும், அவ்விரண்டு அளவுகளும் ஒன்றல்ல என்பது மாறவில்லை.

நிறை ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது? 1944 ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டிலும் மின்னசோட்டாவில் அன்சல் கீஸ் என்னும் விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 இளைஞர்க்கு ஆறு மாதங்கள் அரைப்பட்டினி உணவு கொடுத்துப் பரீட்சித்தார். அவர்கள் தம் நிறையில் ஏறக்குறைய காற் பங்கை இழந்தனர். அதனோடு அவர்தம் உடல் ஓய்வில் இருக்கும்போது செலவிடும் சத்தியும் பெரிதும் சுருங்கியது. வருவாய் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவதுபோல உடலும் சிக்கனம் பிடிக்கின்றது. சிறிய உடலைத் தாங்க முன்னரிலும் குறைந்த சத்தியே போதும். 120 கிலோகிராம் உடலோடு ஒரு மைல் நடக்கச் செலவான சத்தியிலும், 85 கிலோகிராம் உடலோடு அதே மைல் நடக்கச் செலவாவது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைவு. உண்பதும் செலவிடுவதும் சமமாகும் நாளில் தராசின் முள் அசையாது நிற்கும். சத்திரசிகிச்சையின் ஓமோன் மாற்றங்கள் இச்சமநிலையைக் கீழிறக்குகின்றன. அதனை இல்லாமற் செய்வதில்லை.

முள் அசையாது நிற்குங் காலத்திலேதான் தேகாப்பியாசத்தைப் பற்றிய தவறான எண்ணமும் தன் தீங்கைச் செய்கின்றது. "நிறை குறைவதற்காகவே நடக்கின்றேன்" என்று நடப்பவர், நிறை குறையாதபோது "இனி ஏன் நடக்கவேண்டும்?" என்று நிறுத்திவிடுகின்றார். கணக்கைப் பார்த்தால், நிறை குறைப்பதற்குத் தேகாப்பியாசம் மெலிந்த கருவியே என்பது புலனாகும். 85 கிலோகிராம் உடையவர் ஒரு மணிநேரம் விரைந்து நடந்தால் ஏறக்குறைய 300 கலோரி செலவாகலாம். ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியுள்ளது. எனவே அந்த ஒரு மணிநேர நடையின் ஊதியம் 40 கிராம் கொழுப்பு. ஒரு முட்டையின் நிறையிலும் குறைவு. சத்திரசிகிச்சையின் பின் தேகாப்பியாசம் செய்தோரையும் செய்யாதோரையும் ஒப்பிட்ட பரிசோதனைகளிலும், நிறையில் கண்ட வேறுபாடு சராசரியாகச் சில கிலோகிராம்களுக்கு மேற்படவில்லை.

அவ்வாறாயின் தேகாப்பியாசம் எதற்கு? 2015 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட பரிசோதனையொன்று இதற்குத் தெளிவான விடை தருகின்றது. மாற்றுவழிச் சிகிச்சை பெற்று ஒன்று முதல் மூன்று மாதங்களான 128 பேர் திருவுளச்சீட்டு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் ஆறு மாதங்கள் தேகாப்பியாசம் செய்தனர். மற்றைக் குழுவினர் சுகாதார விரிவுரைகளை மட்டும் கேட்டனர். முடிவில் இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவாக, 22 முதல் 24 கிலோகிராம் வரை சராசரியாகக் குறைந்திருந்தனர். தராசை மட்டும் பார்த்தவர் தேகாப்பியாசம் வீண் என்றே தீர்ப்புக் கூறியிருப்பார். ஆனால் தேகாப்பியாசம் செய்தோரின் உடல், இன்சுலினை மற்றவர் உடலிலும் நன்றாகப் பயன்படுத்தியது. அவர்களுடைய இருதயமும் நுரையீரலும் உழைப்பைத் தாங்கும் ஆற்றல் மிகுந்திருந்தது. தராசில் ஒரே எண்ணைக் காட்டிய இரு கூட்டத்தாரின் உடல்கள் உள்ளே ஒன்றல்லவாயின.

இவ்வேறுபாட்டிற்குத் தசையே பெருங் காரணம். விரைந்து நிறை குறையும்போது கரைவது கொழுப்பு மட்டுமன்று; தசையும் கரைகின்றது. உண்ட மாப்பொருளிலிருந்து வரும் வெல்லத்தைக் குருதியிலிருந்து பெருமளவில் ஏற்றுக்கொள்வது தசை. கதிரையிலிருந்து எழுவதும், படியேறுவதும், முதுமையில் விழாமல் நிற்பதும் தசையினாலேயே. தென்னாசிய மக்களுக்கு இதிற் கவனம் மிகுதியும் வேண்டும். ஐரோப்பியரோடு ஒப்பிடுமிடத்து, அதே சுட்டியுடைய தென்னாசியரின் உடலில் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் காணப்படுகின்றன; நீரிழிவும் அவர்களைக் குறைந்த நிறையிலேயே பற்றுகின்றது. இதனாலேயே, பொதுவாகச் சுட்டி 35 இற்கு மேற்பட்டோர்க்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கும் 2022 ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல், ஆசிய மக்களுக்கு 27.5 என்னும் எல்லையை வகுத்துள்ளது. கையிருப்பாகத் தசை குறைவாக உள்ளவர் அதனை மேலும் இழத்தல் தகாது.

தசையைக் காப்பதற்குத் தேகாப்பியாசத்தோடு புரதமும் வேண்டும். சிறுத்த இரைப்பையில் நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதத்தைச் சேர்ப்பது எளிதன்று. ஒரு முட்டையிற் கிடைப்பது ஏறக்குறைய 6 கிராமே. ஆகவே உணவுவேளையில் மீன், முட்டை, கோழியிறைச்சி, தயிர், பருப்பு ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றையும் இடியப்பத்தையும் எஞ்சிய இடத்திற்கு விடுதல் வேண்டும். உணவோடு நீர் அருந்தாது, அரைமணி நேரம் கழித்து மிடறு மிடறாக நாள் முழுதும் அருந்துதல் நன்று. என்புகளும் இக்காலத்தில் அடர்த்தி குறைகின்றன. பாரத்தைத் தாங்கிச் செய்யும் பயிற்சியும், கல்சியமும், உயிர்ச்சத்து 'டி'யும் அக்குறையை மட்டுப்படுத்த உதவும்.

தேகாப்பியாசத்தை எப்போது தொடங்குவது? சத்திரசிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ, தாதியர் துணையோடு கட்டிலிலிருந்து எழுந்து சில அடிகள் நடப்பதே முதற் பயிற்சி. கால் நாளங்களிற் குருதி உறைந்து கட்டியாவதைத் தடுப்பதற்கு இந்நடை உதவுகின்றது. வீடு திரும்பியபின் ஐந்து அல்லது பத்து நிமிட நடையை நாளிற் பலமுறை செய்யலாம். முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு நீர் நிறைந்த வாளி, அரிசி மூட்டை, குழந்தை ஆகியவற்றைத் தூக்குதலாகாது. உட்புறத் தையல்கள் ஆறும்வரை வயிற்றுத் தசைகளை வருத்துதல் தீங்காகும். புண்கள் முற்றாக ஆறி, வைத்தியரும் இசைந்தபின் நீந்தலாம். முழங்கால் நோவுடையோர்க்கு நீரினுள் நடத்தல் மிக ஏற்றது. நீர் உடலைத் தாங்கிக்கொள்வதால் மூட்டுகளுக்குப் பாரம் குறைகின்றது.

அதன்பின் வாரமொன்றுக்கு 150 நிமிடங்களை முதல் இலக்காகவும், 300 நிமிடங்களைப் பின்னைய இலக்காகவும் கொள்ளுமாறு இத்துறை வல்லுநர் கூறுகின்றனர். பேசக்கூடியதாய், ஆனால் பாட முடியாததாய் மூச்சு வாங்கும் வேகமே தக்க வேகம். இதனோடு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. கைகளை ஊன்றாது கதிரையிலிருந்து பத்துமுறை எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றி உடலைத் தள்ளுதல், நீர் நிரப்பிய போத்தல்களைக் கையிற் பிடித்து உயர்த்துதல், வாயிற்படியில் ஏறி இறங்குதல் என்பன போதும். பத்து எளிதாகும்போது பன்னிரண்டாக்கலாம்; போத்தலையும் பெரிதாக்கலாம். பாரம் ஏறாவிடின் தசை வளராது.

சில எச்சரிக்கைகளும் உண்டு. நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்கும் முன்னர் உட்கொண்ட மருந்தின் அளவு, நிறை குறைந்த உடலுக்கு மிகையாகிவிடலாம். பயிற்சியின்போது தலைசுற்றல், நடுக்கம், வியர்வை தோன்றினால் வைத்தியரைக் கண்டு அளவைத் திருத்துதல் வேண்டும். தாமாகவே நிறுத்திவிடுதல் கூடாது. மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோரிற் சிலர்க்கு, இனிப்பு உண்ட ஓரிரு மணிநேரத்திற் குருதி வெல்லம் திடீரெனத் தாழ்வதும் உண்டு. நெஞ்சு நோவோ, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவுமோ, வழக்கமில்லாத மூச்சுத்திணறலோ கண்டால் பயிற்சியை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

இன்னுமொன்று கருதத்தக்கது. சத்திரசிகிச்சை பெற்றோர் சிலரிடம் முன்னும் பின்னும் எவ்வளவு நேரம் உடலை இயக்குகின்றீர்கள் எனக் கேட்டு, அதேவேளை அசைவைப் பதியும் கருவியையும் அவர்கள் உடலில் அணிவித்து அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டனர். 2010 ஆம் ஆண்டில் வெளியான அச்சிறு ஆய்வில், தம் இயக்கம் ஏறக்குறைய ஐந்து மடங்கு பெருகியதாக அவர்கள் கூறினர். கருவியோ கருதத்தக்க பெருக்கம் எதனையும் காட்டவில்லை. அவர்கள் பொய் கூறினரென்று கொள்ளவேண்டியதில்லை. உடல் இலேசானபோது அசைவும் எளிதாகின்றது. எளிதானதை மிகுதியானதென்று மனம் எண்ணிக்கொள்கின்றது. ஆகவே நடந்த நிமிடங்களை அன்றன்றே ஒரு கொப்பியிற் குறித்துவைத்தல் பயனுடையது. நிறையைக் காத்துக்கொள்வதில் தேகாப்பியாசத்துக்கு இடமுண்டு என்பதும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. நிறையைக் குறைப்பதில் அதன் பங்கு சிறிதாயினும், குறைந்த நிறையை நெடுங்காலம் காப்பவர்களிற் பெரும்பாலோர் ஒழுங்காக உடலை இயக்குபவர்களே.

தேகாப்பியாசத்தாலும் தீராத குறைகள் சில உண்டு. பல ஆண்டுகள் விரிந்திருந்த தோல், கொழுப்பு நீங்கியபின் வயிற்றிலும் புயத்திலும் தொடையிலும் தளர்ந்து தொங்கும். எத்தனை பயிற்சி செய்யினும் அஃது முற்றாகச் சுருங்குவதில்லை. தம் முயற்சி போதாமையால் அவ்வாறாயிற்று என்று நோயாளர் தம்மை நொந்துகொள்ளுதல் வேண்டாம். அவ்வாறே, உயிர்ச்சத்துக் குறையைப் பயிற்சியால் நிரப்பவும் முடியாது. இரும்பு, கல்சியம், உயிர்ச்சத்து 'டி', உயிர்ச்சத்து 'பி 12' ஆகியவற்றை வைத்தியர் குறித்தவாறு வாழ்நாள் முழுதும் உட்கொள்ளுதல் வேண்டும்.

ஏமாற்றத்தின் உண்மையான ஆபத்து இங்கேதான் மறைந்துள்ளது. உயிர்ச்சத்து 'பி 12' ஈரலிற் சேமித்து வைக்கப்பட்டுள்ளமையால், மாத்திரையை நிறுத்தியவர்க்குக் குறை உடனே தோன்றுவதில்லை. சில ஆண்டுகள் செல்லலாம். நிறை நின்று, பின் சிறிது ஏறத் தொடங்குவதும் அதே காலத்தில்தான். தராசின் எண்ணைச் சொல்ல வெட்கி, சிகிச்சைநிலையத்துக்குப் போகாது விட்டவரின் கால்களில் விறைப்பும் எரிவும் மெதுவாகத் தோன்றும். நரம்புகள் பழுதுறுவதன் அறிகுறி அஃது. காலம் தாழ்த்தின் முற்றாகக் குணமாகாமலும் போகலாம். ஓர் இரத்தப் பரிசோதனையால் முன்னரே கண்டு, ஊசி மருந்தாலோ மாத்திரையாலோ தடுக்கத்தக்க கேடு இது. நிறை ஏறிய ஒருவர்க்கு வைத்தியசாலை முன்னரிலும் மிகுதியாக வேண்டியதாகின்றதே ஒழிய, குறைவாக அன்று. வீட்டாரும் "இன்னும் எவ்வளவு குறைய இருக்கிறது?" என்று கேட்பதை விடுத்து, "அடுத்த பரிசோதனை எப்போது?" என்று கேட்பாராயின் அதுவே பேருதவியாகும்.

ஆகவே சத்திரசிகிச்சை பெற்றவர் தம் கொப்பியில் நிறையை மட்டும் எழுதுதல் போதாது. அதனருகே வேறு சில எண்களும் இடம்பெறல் வேண்டும்: குருதி வெல்லம் எவ்வளவு, குருதியமுக்கம் எவ்வளவு, நாளொன்றுக்கு உட்கொள்ளும் மாத்திரைகள் எத்தனையிலிருந்து எத்தனையாகின, நிற்காமல் எத்தனை படிகள் ஏற முடிகின்றது, அரை நிமிடத்திற் கதிரையிலிருந்து எத்தனை முறை எழ முடிகின்றது, இரவில் எத்தனை மணிநேரம் மூச்சடைப்பின்றி உறங்க முடிகின்றது. நிறை நின்றுவிட்ட பின்னும், இவற்றுட் சில ஒழுங்கான தேகாப்பியாசத்தால் தொடர்ந்து சீர்படக்கூடும். அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிப்பவரே தம் சிகிச்சையின் பயனைச் சரிவர மதிப்பிட வல்லவர்.